சோழர் காலத்து வீரன் 'பேமானி' என்று திட்டலாமா?

சரித்திர நாவல் கைப்பிரதிகளில் வாளின் நீளம்கூடச் சரியாக இருக்கும். பாத்திரத்துக்குக் கோபம் வந்தால் போதும், காலம் குழம்பிவிடும். பத்தாம் நூற்றாண்டுப் படைவீரன் 'பேமானி' என்பான். அது உருது வழியாக வந்த பாரசீகச் சொல். ஈமான், அதாவது நம்பிக்கை, இல்லாதவன் என்று பொருள். சோழர் படையில் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. சொல் பழையதாகவும் திட்டு புதியதாகவும் இருக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ஜுனனுக்கு வரும் 'கஸ்மலம்' மனத்தளர்ச்சி. அதுவே சென்னைப் பேச்சில் 'கஸ்மாலம்' ஆகி ஆளைத் திட்டுவது வேறு காலம், வேறு வாய். மறுபக்கமும் உண்டு. ஆண்டாள் 'கருப்பூரம் நாறுமோ' என்று கேட்டது மணத்தை. அந்தக் காலத்துக் கதையில் 'நாறுகிறாய்' என்று திட்டினால் எதிராளி நன்றி சொல்லிவிட்டுப் போவான்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை (1924–1936, ஆறு தொகுதிகள்) பார்க்கும்போது பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். அதன்பின் வரும் மேற்கோளையும் பாருங்கள். இலக்கிய மேற்கோள் இல்லாமல் 1862-இல் வெளியான வின்சுலோ அகராதியின் குறி மட்டும் இருந்தால், கையில் இருப்பது அந்த ஆண்டுச் சான்றுதான். 'பேச்சு வழக்கு' என்ற குறிப்பும் அப்படியே. மேற்கோள் இருந்தால் மூலப் பாடலைத் திறந்து, யார் யாரிடம் என்ன சூழலில் சொல்கிறார் என்று பாருங்கள்.

வசைக்குத் தனிச் சுரங்கம், உழவர் வாழ்வைப் பாடும் பள்ளு இலக்கியம். முக்கூடற்பள்ளில் ஒரே கணவனின் மனைவியரான மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்ளும்போது ஒருத்தி திருமாலையும் மற்றவள் சிவனையும் வம்புக்கு இழுப்பாள். சக்களத்திச் சண்டையில் சமயச் சண்டையும் சேர்ந்துகொள்ளும். புலவர் யாப்புக்குள் அடக்கியது என்றாலும், எதைத் தொட்டால் சுருக்கென்று குத்தும் என்பது தெரிந்துவிடும். பழைய காலத்துக்கு வேண்டுமென்றால் கலித்தொகை 62: 'ஏஎ இஃதொத்தன் நாணிலன்'. கையைப் பிடித்தவனைப் பார்த்து ஒரு பெண் சொல்வது. கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. 'நாணிலன்' ஒன்றே போதுமாக இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிப் பேச்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

எடையையும் பாருங்கள். இன்று 'துரோகி' நண்பர்கள் விளையாட்டாகச் சொல்வது. உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் 'துரோகிகள்' எனப்படுகிறார்கள். அவர்களுடைய நிலம் மட்டுமல்ல, உறவினர் நிலமும் பறிபோயிற்று. கேலிப் பேச்சில் வைக்க வேண்டிய சொல் அல்ல அது.

சில திட்டுகள் சமூகப் பெயர்கள். 'கேப்மாரி' பிரிட்டிஷ் ஆட்சியில் 'குற்றப்பரம்பரை' என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர். பாத்திரத்தின் வாயில் அதற்குக் காரணம் இருக்கலாம்; கதைசொல்லியின் வாயில் வரவே கூடாது.

ஒரு காட்சிக்கு ஒரு பழஞ்சொல் போதும். அடிக்குறிப்பு போட்டால் கோபம் ஆறிவிடும். பொருளைக் காட்சியே சொல்லட்டும். குறள் 196 வெட்டிப்பேச்சுக்காரனை 'மக்கட் பதடி' என்கிறது. பதடி என்றால் பதர். அதைக் களத்துமேட்டில் வைத்துப் பாருங்கள்:

"போடா, பதடி!"

நெல் தூற்றிக்கொண்டிருந்த பெண்கள், காற்றில் பறக்கும் பதரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள்.