ஒரே மனையில் இரண்டு வீடு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங் சென்டர் நடத்தும் அக்கா ஒருவர் மழைக்காலத்தில் போன் செய்தார். "தம்பி, விண்டோஸ் லெவன் போடச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்கு. அமுக்கிடட்டுமா?" வெளியே நல்ல மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. "இப்போ அமுக்காதீங்கக்கா, நான் வர்றேன்" என்றேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற மாதமும் அதுதான். கரண்ட்டை நம்ப முடியாத நாட்களில் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறும் வேலையில் இறங்கியதால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மாதாமாதம் வரும் சின்ன அப்டேட், கூரையில் உடைந்த ஓடு ஒன்றை மாற்றுவது மாதிரி. பதிப்பே மாறும் பெரிய அப்டேட் அப்படியில்லை. அதே மனையில் புது வீட்டை முழுசாகக் கட்டி முடித்து, அப்புறம் பழைய வீட்டை அப்படியே ஓரமாக நகர்த்தி வைக்கிற வேலை அது. முதலில் புது விண்டோஸின் கோப்புகள் சி டிரைவில் மறைவான ஒரு கோப்புறைக்குள் வந்து இறங்கும். நாம் மனு அடித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே கட்டுமானம் நடக்கும். 2017 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், கணினியைத் தொட முடியாமல் காத்திருக்கும் நேரம் சராசரியாக 82 நிமிடம். அடுத்த பதிப்பில் அதை 51 நிமிடமாகவும், அதற்கடுத்ததில் 30 நிமிடமாகவும் மைக்ரோசாஃப்ட் குறைத்தது. வேலையின் பெரும்பகுதியை இப்படிப் பின்னணிக்கு மாற்றியதால்தான் அது முடிந்தது.

கொஞ்ச நேரத்துக்கு இரண்டு வீடும் ஒரே மனையில் நிற்பதால் இடம் வேண்டும். சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இல்லாமல் நான் தொடங்குவதில்லை.

பிறகு கணினி அணைந்து எழும். உட்கார்ந்திருக்கும் பாயை நாமே சுருட்ட முடியாது அல்லவா? ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன்னைத்தானே நகர்த்திக்கொள்ள முடியாததும் அதனால்தான். எனவே நினைவகத்திலிருந்து மட்டும் இயங்கும் ஒரு குட்டி விண்டோஸ் எழுந்து, பழைய விண்டோஸ் கோப்புறையை 'விண்டோஸ் ஓல்ட்' என்ற பெயருக்கு மாற்றிவிட்டுப் புதியதை அதன் இடத்தில் வைக்கிறது. பல ஜிபி நகர்கிறது, ஆனால் நேரம் பிடிப்பதில்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கம் உள்ளவர்களுக்கு இது எளிதாகப் புரியும்: நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பட்டாவில் பெயர் மட்டும் மாறுகிறது. வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையில் நடக்கும் திருத்தம்தான் அது.

அந்தத் திருத்தத்தின் நடுவில் கரண்ட் போனால்? விண்டோஸ் எதைத் திருத்தப் போகிறது என்பதை முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துவிட்டுத்தான் அட்டவணையைத் தொடும். மறுபடி எழும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துப் பாதியில் நின்ற வேலையை முடிக்கும், இல்லையென்றால் ரத்து செய்யும். பெரும்பாலும் பழைய விண்டோஸுக்கே பத்திரமாகத் திரும்பிவிடும். ஆனால் அந்தப் பதிவேடு காப்பது அட்டவணையை மட்டுமே. அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பின் உள்ளடக்கத்துக்கு அது பொறுப்பேற்காது. அதனால் யுபிஎஸ் அவசியம். அதையும் முந்தின நாளே சோதிக்க வேண்டும்: எல்லாவற்றையும் சேமித்துவிட்டு மெயின் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். அக்காவின் யுபிஎஸ் கீச்சென்று ஒருமுறை கத்திவிட்டு அணைந்தது. பேட்டரி மாற்றினோம். திரையில் சதவீதம் நகராமல் நிற்கிறதே என்று பவர் பொத்தானை அமுக்குவதும் கரண்ட் போவதும் ஒன்றுதான். வட்டின் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை பொறுத்திருங்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய விண்டோஸுக்குத் திரும்பும் ஏற்பாடு இயங்குதளத்தைக் காக்கும், வட்டே பழுதானால் உங்கள் கோப்புகளைக் காக்காது. "எல்லாம் டி டிரைவில் காப்பி இருக்கு தம்பி" என்றார் அக்கா. நம் ஊர் அசெம்பிள் கணினிகளில் சியும் டியும் பெரும்பாலும் ஒரே வட்டில் போட்ட இரண்டு அறைகள். வட்டு போனால் இரண்டும் போகும். காப்பி தனி ஹார்ட் டிஸ்கில் இருக்க வேண்டும். அதை வேறொரு கணினியில் செருகி நான்கு கோப்புகளைத் திறந்து பார்த்தால்தான் அது காப்பி. இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்த ஊர் இது, ஒரே அறையில் எல்லாவற்றையும் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

காப்பி எடுத்ததும் அந்த ஹார்ட் டிஸ்கையும் பென் டிரைவையும் கழற்றிவிடுங்கள். 2019 மே பதிப்பு வந்தபோது, வெளி யுஎஸ்பி சாதனம் செருகியிருந்த கணினிகளில் சி, டி என்ற டிரைவ் பெயர்கள் இடம் மாறும் என்பதால் அப்டேட்டையே மைக்ரோசாஃப்ட் தடுத்து வைத்தது.

தமிழ் தட்டச்சு செய்கிறவர்கள் மறக்கக் கூடாதது எழுத்துரு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. எழுத்துரு இருந்தால்தான் அது அம்மா. அந்த எழுத்துருக் கோப்பு இருப்பதோ விண்டோஸ் கோப்புறைக்குள், நாம் காப்பி எடுக்கும் டாக்குமென்ட்ஸில் அல்ல. மேம்படுத்தும்போது அது வழக்கமாகக் கூடவே வரும், ஆனால் வட்டை அழித்துப் புதிதாக நிறுவ நேர்ந்தால் போய்விடும். ஃபான்ட்ஸ் கோப்புறையையும் தமிழ் விசைப்பலகை மென்பொருளையும் சேர்த்தே எடுத்துவைத்தோம்.

விண்டோஸ் 11-க்குக் கணினியின் தகுதி விஷயம் சுருக்கமாக. 4 ஜிபி ராம், 64 ஜிபி வட்டு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை வேண்டும். டிபிஎம் பல கணினிகளில் இருந்தும் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்பில், அணைந்து கிடக்கும். ஆனால் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய வட்டு (பிட்லாக்கர்) இருந்தால் பயாஸைத் தொடும் முன் கவனம். புது லேப்டாப்கள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். எழும் முறையில் மாற்றம் தெரிந்தால் டிபிஎம் வட்டைத் திறக்கும் சாவியைத் தராது, கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 32 பிட் விண்டோஸ் 10 ஓடும் கணினியை இப்படி மேம்படுத்த முடியாது, அதில் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணினியில் வேலை முடிந்தது. எழுந்ததும் அவர் முதலில் திறந்தது பழைய பாமினி மனு ஒன்றை. எழுத்து சரியாக வந்தது. 'விண்டோஸ் ஓல்ட்' 10 நாள்தான் இருக்கும், அதற்குள்ளேதான் பழையதற்குத் திரும்ப முடியும். அதனால் தினம் ஒன்றாகப் பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். எட்டாம் நாள் ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று போன் வந்தது. புது டிரைவர் போட்டதும் அதுவும் ஓடியது.