எலிக்குத் தெரியாத விஷம் நாய்க்கும் தெரியாது

போன மழைக்காலத்தில் தக்கலைப் பக்கம் ஒரு தென்னை விளையிலிருந்து நாட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூக்கில் ரத்தம் கசிந்தது, ஈறு வெளுத்திருந்தது. "சாரே, முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே தின்னான்" என்றார் வளர்த்தவர். எலி மருந்து வைத்தீர்களா என்று கேட்டேன். "வச்சு அஞ்சு நாள் ஆச்சே, அதுக்கும் இதுக்கும் என்ன?"

அந்த அஞ்சு நாளில்தான் விஷயமே இருக்கிறது.

எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் புதுத் தீனியைக் கொஞ்சமாகக் கொறித்துப் பார்க்கும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த ருசியை மறுபடி தொடாது. இப்படி எச்சரிக்கையாக இருந்த எலிகளே அதிகம் பிழைத்துக் குட்டி போட்டன. 1966-ல் ஜான் கார்சியா என்ற உளவியலாளரும் கூட்டாளியும் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் வைத்தார்கள். நக்கும்போதெல்லாம் விளக்கு மின்னும், சத்தம் கேட்கும். பிறகு சில எலிகளை உடம்புக்கு முடியாமல் ஆக்கினார்கள், சிலவற்றுக்கு ஷாக் கொடுத்தார்கள். உடம்புக்கு முடியாமல் போனவை இனிப்பை ஒதுக்கின. ஷாக் வாங்கியவை வெளிச்சத்தையும் சத்தத்தையும் ஒதுக்கின. வயிற்றுக் கோளாறை ருசியோடும், உடம்பில் படும் வலியைக் கண்டது கேட்டதோடும் முடிச்சுப் போட அவை பிறவியிலேயே தயாராக இருக்கின்றன.

ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி மருந்து சில மணி நேரத்தில் வேலை காட்டும். அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி அடுத்த முறை சீண்டாது. அதனால்தான் முதலில் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத பொரி வைத்துப் பழக்குவார்கள்.

தென்னை மண்டையில் வைக்கும் புரோமடியோலோன் என்ற எலி மருந்துக் கேக் வேறு மாதிரி. ரத்தம் உறைய உதவும் விட்டமின் கே-யின் வேலையை அது தடுக்கிறது. ஏற்கெனவே உடம்பில் இருக்கும் உறைபொருள்கள் தீர்ந்த பிறகுதான், மூன்று முதல் ஐந்து நாளில், ரத்தம் கசியும். அதற்குள் எலிக்கு எந்த ருசி என்று முடிச்சுப் போட வழியில்லை. நாய்க்கும் அப்படித்தான். நாயால் வாந்தி எடுக்க முடியும், ஆனால் குமட்டினால்தானே எடுக்கும்? கீழே விழுந்த கேக்கையும் செத்த எலியையும் மறுநாளும் தேடிப் போய்த் தின்னும். கூகையும் இப்படிச் சாகிறது, அது எனக்குப் பெரிய வருத்தம்.

நாய் கேக்கைத் தின்றது தெரிந்தால், நன்றாக விளையாடினாலும் அன்றைக்கே கவரோடு மருத்துவரிடம் கொண்டு வாருங்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் புகட்ட வேண்டாம். விட்டமின் கே1 மருந்தைச் சில வாரங்கள் விடாமல் கொடுக்க வேண்டும். கசிவு நின்றதும் நிறுத்திவிடுவது ஆபத்து.

அந்த நாய்க்கு வேறொரு நாயின் ரத்தம் ஏற்றினோம். பிழைத்துக்கொண்டது. ஓலைகள் ஒன்றோடொன்று முட்டாத மரங்களுக்கெல்லாம் எலி ஏறாமலிருக்க அந்த விளையில் இப்போது தகரம் சுற்றியிருக்கிறார்கள்.