குந்தி உட்கார முடியாத பிள்ளைகள்

முழங்கால் வலி, முதுகு வலி என்று பள்ளிப் பிள்ளைகள் சிகிச்சைக்கு வந்தால், செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்காரச் சொல்வேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். பத்து வயதில் இது ஒரு வேலையே அல்ல. ஆனாலும் பலருக்குக் குதிகால் மேலே எழும்பிவிடுகிறது. அதை அழுத்தி வைக்கச் சொன்னால் பின்பக்கம் சாய்கிறார்கள், கட்டில் காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். கெண்டைக்கால் தசை இறுகிப்போய், கணுக்கால் மடங்க மறுக்கிறது.

“எந்நேரமும் போன்தான், டாக்டர். பிறகு எப்படி?” என்பார் உடன் வந்த அம்மா. போனுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது கடைசியாக வந்து சேர்ந்த குற்றவாளி. அதற்கு முன்பே வீடு மாறிவிட்டது. சாப்பாடு மேசைக்கு ஏறியது, படிப்பு நாற்காலிக்கு ஏறியது, கழிப்பறையும் உட்காரும் வகையாகிவிட்டது. மூட்டு வலியுள்ள தாத்தா பாட்டிக்கு அது பெரிய வசதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்கோ தரையில் உட்கார்ந்து எழுகிற சந்தர்ப்பமே நாள் முழுவதும் வாய்ப்பதில்லை. தினமும் நீட்டி மடக்காத தசை மெல்ல மெல்ல இறுகத்தான் செய்யும்.

வீட்டைத் தாண்டினால் வேன். பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தாலும் பத்துக் கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியில் சேர்க்கிறோம். ஏழு மணிக்கு முன்பே வாசலில் ஹாரன் அடிக்கிறது. மாலை திரும்பியதும் டியூஷன். நடந்தும் சைக்கிளிலும் பள்ளிக்குப் போன தலைமுறை அதை உடற்பயிற்சி என்று எண்ணியதே இல்லை. அதனால்தான் அது போனபோது யாருக்கும் இழப்பாகத் தெரியவில்லை.

தெருவும் பிள்ளைகளுக்கு இல்லை. இரு பக்கமும் கார்கள் நிற்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். பாண்டி ஆட நான்கடி அகலத் தரையும் ஒரு ஓட்டாஞ்சில்லும் போதும். ஆனால் அது தரும் பயிற்சி சாதாரணமல்ல. நொண்டியடிக்கும்போது உடலின் முழு எடையும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் உடல் சாயாமல் பிடித்து நிறுத்துகின்றன. கோட்டை மிதிக்காமல் குனிந்து சில்லை எடுக்கும்போது கணுக்கால் நொடிக்கு நொடி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஒவ்வொரு குதிப்பின் அதிர்வும் வளரும் எலும்புக்கு உரம். ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு இதே அசைவுகளைத்தான் நான் ‘சிகிச்சை’ என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறேன்.

“வாரம் இரண்டு நாள் கராத்தே போகிறானே?” என்பார்கள். நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் இயங்க வேண்டும், அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை தருவதாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கராத்தே வகுப்பிலும் வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள். இந்தக் கணக்கு நம் ஊரில் மட்டும் உதைக்கவில்லை. 146 நாடுகளில் 11 முதல் 17 வயது மாணவர்களின் 2016ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்து, 2019இல் வெளியான ஆய்வில் ஐந்தில் நான்கு பேர் இந்த அளவை எட்டவில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை தனி. அதே ஆய்வில் இந்தியச் சிறுமிகள் உலகச் சராசரியைவிடச் சற்று மேலான நிலையில் இருந்தார்கள். வீட்டு வேலை அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். பெருமைப்படவா, வருத்தப்படவா என்று தெரியவில்லை. வயதுக்கு வந்ததும் “இனி என்ன ஓட்டம், குதி?” என்று வீட்டுக்குள் இருத்திவிடுகிறோம். பருவமடைவதை ஒட்டிய சில ஆண்டுகளில்தான் எலும்பு மிக வேகமாக வலுச் சேர்க்கிறது. அந்த நேரம் பார்த்து ஓட்டத்தை நிறுத்துகிறோம். மாதவிலக்கு நாட்களில் விளையாடத் தடையில்லை. வலி தாங்க முடியாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் பெற்றோரிடம் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. இரவுச் சாப்பாட்டைத் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுங்கள். கடைக்குப் பிள்ளையை நடத்தி அனுப்புங்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மாலை ஒரு மணி நேரமாவது கார் நிறுத்துமிடத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் உடற்கல்வி வகுப்பைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டால், மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கும் அதே குரலில் அதையும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். எல்லாவற்றையும் பழக்கக் குறைவு என்று தள்ளிவிடக் கூடாது. தரையிலிருந்து எழும்போது சிறு பிள்ளை தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி நிமிர்ந்தால், அடிக்கடி விழுந்தால், கெண்டைக்கால் வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருந்தால் அது தசை நோயாக இருக்கலாம். நொண்டி நடப்பது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மூட்டு வீக்கம் ஆகியவற்றையும் அலட்சியப்படுத்தக் கூடாது. இவற்றுக்குப் பயிற்சி தொடங்கும் முன் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள்.