பூவிதை முளைக்கவில்லையா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

மாரி தொடங்கினால் நெல்லோடு சேர்த்து பூவிதை முறைப்பாடும் வரத் தொடங்கும். "மிஸ், கடைக்காரர் பழைய விதையைத் தந்திட்டார் போல, ஒண்டும் வரேல்ல." திருகோணமலையில் விவசாயப் போதனாசிரியராக இருப்பதால் போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் விதை முளைத்துத்தான் இருக்கும், செத்தது அதற்குப் பிறகு.

கிட்டக் குனிந்து பாருங்கள். இலை பச்சையாகவே இருக்கும், ஆனால் மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நீர்கோத்து நூல் போல மெலிந்து, நாற்று அப்படியே சாய்ந்து கிடக்கும். இதுதான் நாற்றழுகல். பிதியம், ரைசொக்டோனியா போன்ற கிருமிகள் மண்ணிலேயே இருக்கின்றன. ஈரமும் நெருக்கமும் காற்றோட்டமில்லாத மூலையும் கிடைத்தால் போதும், ஒரே இரவில் ஒரு தட்டு நாற்றை முடித்துவிடும். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி எறிந்துவிட்டு மிச்சத்தை ஐதாக்குங்கள், தண்ணீரைக் காலையில் மட்டும் விடுங்கள். அடுத்த தடவை மண்ணை ஈரமாக்கி, கண்ணாடிப் பொலித்தீனால் மூடி, நல்ல வெயிலில் சில கிழமை விட்டபிறகு விதையுங்கள்.

நம் பக்கம் ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கொட்டித் தீர்க்கும். அந்த நேரம் விதைப்பது அழுகலை வலிய அழைப்பதுதான். தை பிறக்கட்டும். சீனியா ஒரு கிழமைக்குள் முளைத்து இரண்டு மாதமளவில் பூக்கும், ஆகவே பங்குனியில் கோணேசர் கோயில் கொடியேறும்போது முற்றத்தில் நிறம் இருக்கும். கொஸ்மோஸ், மெரிகோல்ட் செவ்வந்தி, கோழிக்கொண்டை எல்லாம் இந்தக் கணக்கோடு ஓரளவு ஒத்துப்போகும். பிந்தி விதைத்தால் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்றில் சின்ன நாற்று மதியத்துக்குள் துவண்டுவிடும், அப்போது வாடாமல்லியும் பத்துமணிப்பூவும்தான் தாக்குப்பிடிக்கும். நுவரெலியாவில் குளிரிடத்துப் பூவான பான்சியைப் பார்த்து ஆசைப்பட்டு விதை வாங்கி வருகிறவர்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன், காசு வீண்.

ஆழம்? விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு போதும். பத்துமணிப்பூ விதை தூசு மாதிரி இருக்கும், அதற்கு வெளிச்சமும் தேவை, மண்ணால் மூடவே வேண்டாம்.

வயலுக்கு வாங்கியதில் மிஞ்சிய யூரியாவை ஒரு பிடி அள்ளிப் போடுகிற பழக்கமும் இங்கே உண்டு. செடி கொழுகொழுவென்று இலையாக வளரும், பூவைத் தேட வேண்டும். கூட்டெரு போதும்.

சிவப்போ பச்சையோ சாயம் பூசிய விதை என்றால் அது பெரும்பாலும் பங்கசுநாசினி, அதாவது பூஞ்சணத்தைக் கொல்லும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், நட்டதும் கையைக் கழுவுங்கள். அப்புறம் சாடிக்குக் கீழே வைக்கும் தட்டு. 2017இல் பக்கத்துக் கிண்ணியா டெங்கில் பட்ட பாடு இங்கே யாருக்கும் மறந்திருக்காது. தட்டில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு முட்டை பொரித்து ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பு பறந்துவிடும், ஆகவே தட்டை அதற்குமுன் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

கோட்டைப் பக்கம் வீடு என்றால் புள்ளிமானையும் கணக்கில் எடுங்கள், காசித்தும்பையை ஒரு நாளும் விட்டுவைக்காது. செவ்வந்தியின் மணம் அதற்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, ஆனால் பசி எடுத்தால் அதையும் தின்னும். வலை கட்டுங்கள்.