கூவத்தில் கொப்பளிப்பது கார்பன்

கார்பன் இல்லாத ஆறு உலகத்தில் கிடையாது. மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையை மெல்ல அரிக்கும். அப்படிப் பிறக்கும் பைகார்பனேட் என்ற கரைந்த கார்பன் சேர்மம் ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சேரும். கரையோரச் சருகு, மட்கு, பாசி எல்லாம் தங்கள் பங்குக்குக் கரிமப் பொருளைத் தரும். புழுவும் மீனும் அதை நம்பித்தான் பிழைக்கின்றன.

சென்னையில் கூவம், அடையாறு நீரைப் பரிசோதிக்கும் எனக்குக் கவலை தருவது வேறு கணக்கு. கரிமப் பொருளில் உள்ள 1 கிராம் கார்பனைப் பாக்டீரியா முழுதாகச் சிதைக்க ஏறத்தாழ 2.7 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கக்கூடியதோ சுமார் 7.5 மில்லிகிராம்தான். லிட்டருக்கு 3 மில்லிகிராம் கார்பனே அந்த இருப்பைக் காலி செய்துவிடும். வீட்டுச் சாக்கடையில் இருப்பது அதைப்போலப் பல பத்து மடங்கு.

பாலத்தில் நின்று எடுத்த சாம்பிளைக் குமிழி புகாமல் பாட்டிலில் நிரப்பி, அங்கேயே மாங்கனீஸ் சல்பேட்டும் அயோடைடு கலந்த காரக் கரைசலும் விடுவோம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக வீழ்படிவு கட்டும்; இல்லாவிட்டால் அது வெள்ளையாக இருக்கும். நகருக்குள் கூவத்து நீர் கோடையில் பெரும்பாலும் வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. அந்த வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் மனது கனக்கிறது.

ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் சிதைவு நிற்பதில்லை. சல்பேட்டை எடுத்துக்கொள்ளும் நுண்ணுயிர்கள் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை விடும். அது இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்கும். அதற்கும் கீழே மீத்தேன் உண்டாகிக் குமிழியாக மேலே வரும். 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது. கூவம் நாறுகிறது என்று மூக்கைப் பொத்துகிறோம்; நாற்றமே இல்லாத மீத்தேனை யாரும் கவனிப்பதில்லை.

இதில் இயற்கையின் பங்கு எது, மனிதர் பங்கு எது என்று பிரிப்பதும் சுலபமில்லை. கடலோர நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. துறைமுகத்தின் கற்சுவர் அதை மறித்ததால் மெரினா அகன்றது. நேப்பியர் பாலத்தருகே கூவத்தின் முகத்துவாரமும் அடிக்கடி மேடிட்டுப்போகிறது. மழை நின்றால் மேலிருந்து நல்ல தண்ணீர் வரத்தும் இல்லை. கடல்நீரும் உள்ளே ஏறாவிட்டால் சாக்கடைக் கார்பன் போக்கிடமின்றிச் சேற்றில் படிந்துவிடுகிறது.

தூர்வாருவது தேவைதான். ஆனால் தேங்கியதை அள்ளிக்கொண்டே இருந்து கழிவு வரும் வழியை அடைக்காமல் விட்டுவிட்டால், அடுத்த கோடையில் அதே சேறு. பாதாளச் சாக்கடை வழியாகக் கோயம்பேடு, நெசப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகவேண்டிய கழிவு, மழைநீர் வடிகாலில் இறங்கி நேரே ஆற்றுக்கு வருகிறது. என்னைக் கேட்டால் முதலில் அடைக்க வேண்டியது இந்த வழியைத்தான்.

சொட்டு மழையில்லாத மார்ச் மாதத்தில் உங்கள் தெரு மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதா? காலையில் குளியல், சமையல் நேரத்தில் ஓட்டம் கூடினால் பெரும்பாலும் யாரோ வீட்டுக் குழாயை அதில் இணைத்திருக்கிறார்கள். முதலில் உங்கள் அடுக்ககத்தின் குழாய் எதில் சேர்கிறது என்று பிளம்பரை வைத்துப் பாருங்கள். இணைப்பு வேறு யாருடையதாவது என்றால் போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யுங்கள்.