மதுவம்: ஈஸ்டுக்கு நம் பாடநூல் தந்த சொல்

மட்டக்களப்பில் ஒரு பேக்கரிக்குப் போய் "மதுவம் இருக்கா?" என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. ஈஸ்ட் என்றால் உடனே பைக்கற்றை எடுத்து நீட்டுவார்கள். ஆனால் விஞ்ஞானப் பாடம் படித்த பிள்ளைக்கு மதுவம் தெரியும்: சீனியைத் தின்று மதுசாரமும் காபனீரொட்சைட்டும் விடுகிற, அரும்புவிட்டுப் பெருகுகிற ஒருகலப் பங்கசு.

மது என்பது தேனுக்கும் கள்ளுக்கும் பொதுப்பெயர். வடமொழி வழி வந்தது. தேன் மதுவைக் குறிக்கும் ஆங்கில 'மீட்' இதன் உறவுச்சொல். அதோடு அம் சேர்ந்து மதுவம். ஐரோப்பியச் சொற்களுக்குக் கண் வேறு இடத்தில். ஈஸ்டின் வேரில் இருப்பது கொதித்தல், ஜேர்மன் 'ஹெஃபே'யின் வேரில் இருப்பது தூக்குதல். அவர்கள் நுரை பொங்குவதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நம் சொல் விளைகிற பொருளைப் பார்த்தது.

பேச்சுவழக்கில் இதற்குக் கிட்டவாக நிற்பது மண்டி. கள்ளை அசையாமல் வைத்தால் முட்டியின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் மதுவக் கலங்கள் நிறைய உண்டு, பற்றீரியாவும் உண்டு. கள்ளு விட்டுக் கரைத்த அப்பமா பொங்குவதும் இவற்றால்தான்.

மதுவத்தை நொதி என்றோ நொதியம் என்றோ எழுதுவது பிழை. இலங்கைப் பாடநூல்களில் நொதியம் என்பது என்சைம், தமிழ்நாட்டில் அதையே நொதி என்பார்கள். அது உயிரற்ற புரதம்; மதுவமோ உயிர். பியர்க் குறிப்பில் இரண்டும் வரும். முளைத்த தானியத்தை 65 பாகை வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைக்கும்போது மாப்பொருளைச் சீனியாக்குவது நொதியம். அந்தச் சூட்டில் மதுவம் செத்துப்போகும். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால், படிக்கிறவர் மதுவத்தை வெந்நீரில் கொட்டுவார்.

இந்தச் சொல்லின் கனம் தெரிவது ஜேர்மன் கோதுமை பியரில். 'ஹெஃபெவைசன்' என்றால் மதுவம், கோதுமை, அவ்வளவுதான் பெயர். 1516ஆம் ஆண்டின் பவேரியச் சட்டம் பியருக்குச் சொன்னவை வாற்கோதுமை, ஹொப்ஸ் என்ற கசப்புப் பூ, நீர் மட்டுமே. மதுவம் அதில் இல்லை. ஆனால் இந்தப் பியரில் ருசியின் பெரும்பங்கு அதனுடையது. வாழைப்பழ வாசம் ஐசோஅமைல் அசற்றேற்று, கராம்பு வாசம் வைனைல் குவாயகோல். பழமும் போடுவதில்லை, கராம்பும் போடுவதில்லை. இரண்டும் மதுவம் ஆக்குபவை.

இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். ஆகவே பின்வருவது, சட்டம் இடம்தரும் நாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்கு.

20 லீற்றருக்கு முளைக்கோதுமை 2.5 கிலோ, முளைத்த வாற்கோதுமை 2 கிலோ, 4 சதவீதக் கசப்பமிலமுள்ள ஹொப்ஸ் 25 கிராம், உலர்ந்த மதுவம் 11 கிராம். கராம்பு தூக்கலாக வேண்டுமென்றால் ஊறலை முதலில் 44 பாகையில் 15 நிமிடம் நிறுத்துங்கள். தானியத்திலிருந்து ஃபெரூலிக் அமிலம் பிரியும், மதுவம் அதைத்தான் கராம்பு வாசமாக மாற்றுகிறது. பிறகு 65க்கு ஏற்றுங்கள். நொதிக்கும் சூடு 17, 18 பாகை என்றால் கராம்பு முன்னுக்கு நிற்கும், 22 என்றால் வாழைப்பழம். 30 பாகை, அதாவது நம் ஊர் வெயிலில் கள்ளு பொங்குகிற சூடு, இதற்கு ஆகாது: நகப்பூச்சு நெடியும் கனத்த மதுசாரங்களும் வரும். நொதிக்கும்போது மதுவமே சூடு விடும் என்பதால் அறையை அல்ல, பாத்திரத்தை அளக்க வேண்டும். நுரை மிக உயரமாக எழும். 20 லீற்றருக்கு 30 லீற்றர்ப் பாத்திரம் வையுங்கள்.

எந்த மதுவம்? திரவத்தில் வையீஸ்ட் 3068, உலர்ந்ததில் மியூனிக் கிளாசிக். இரண்டும் பழைய பவேரிய ருசிக்குப் பொருந்தும். சாஃப்ஏல் டபிள்யூபி-06 எளிதில் கிடைக்கும், ஆனால் அது 'டயஸ்டாற்றிக்கஸ்' வகை. மற்ற மதுவங்கள் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின் என்ற நீண்ட சீனிச் சங்கிலிகளையும் மெல்ல மெல்ல உடைத்துத் தின்னும். பியர் மெலிந்து வரும். அவசரப்பட்டுப் போத்தலில் அடைத்தால் உள்ளே வேலை தொடர்ந்து போத்தல் வெடிக்கும். அடர்த்தி மூன்று நாள் மாறாமல் நின்றால் மற்றவற்றை அடைக்கலாம், இதற்கு இன்னும் ஒரு கிழமை பொறுங்கள். அடைக்கும்போது 20 லீற்றருக்கு 200 கிராம் சீனி; தடித்த போத்தல்தான் அதைத் தாங்கும். பாண் ஈஸ்டும் இதே இனம்தான், ஆனால் மாவை எழுப்புவதற்காகத் தெரிந்தெடுத்த வகை. அதில் இந்த வாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஹெஃபெவைசனைத் தமிழில் மண்டிக் கோதுமை பியர் என்பதே எங்கள் தெரிவு. முக்கால்வாசி ஊற்றியதும் போத்தலைச் சுழற்றி, அடியில் கிடக்கும் மதுவத்தையும் கலக்கி ஊற்றுவது அவ்வூர் வழக்கம். வடித்துத் தெளிவாக விற்கும் 'கிறிஸ்டல்' வகைக்குத் தெளிந்த கோதுமை பியர் போதும். உயிரைச் சொல்லும்போது மதுவம், அது அடியில் படிந்து கிடக்கும்போது மண்டி.