ஓட்டுநர் இருக்கையிலிருந்து மேற்பார்வைப் பணிக்கு: சிங்கப்பூர்ப் போக்குவரத்து ஊழியருக்குள்ள பயிற்சி உதவிகள்

சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுபவரோ ரயில் பணிமனையில் பராமரிப்பு வேலை பார்ப்பவரோ மேற்பார்வையாளராக உயர விரும்பினால், அதற்கான தலைமைத்துவப் பயிற்சிச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கிறது. ஆனால் உதவி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கட்டணக் கழிவு ஓரிடம், சிறப்புத்தொகை ஓரிடம், சங்கத்தின் பங்கு இன்னோரிடம் என்று பிரிந்து கிடப்பதால், எதை எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

குழுவை வழிநடத்துவது, சக ஊழியரின் வேலையைப் பற்றி அவரிடமே பேசுவது, பூசலைத் தீர்ப்பது போன்றவற்றைக் கற்பிக்கும் டபிள்யூஎஸ்கியூ (சிங்கப்பூர் அரசின் ஊழியர் திறன் தகுதி முறை) தலைமைத்துவப் பாடங்களின் சான்றிதழ் தேசிய அளவில் ஏற்கப்படுவது. 2016 முதல் பேருந்துச் சேவைகள் ஒப்பந்தப்புள்ளி முறையில் வழங்கப்படுவதால், ஒரு வட்டாரத்தின் சேவை வேறு நிறுவனத்தின் கைக்கு மாறக்கூடும். நிறுவனம் மாறினாலும் சான்றிதழ் ஊழியரிடமே இருக்கும் என்பதால், உள்நிறுவனப் பயிற்சியோடு நின்றுவிடாமல் இதையும் பெறுவது நல்லது என்பேன்.

டபிள்யூஎஸ்கியூ பாடங்களுக்குக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொதுவாகக் கட்டணத்தில் பாதியும், 40 வயது நிறைந்த குடிமக்களுக்கு 70 விழுக்காடும் கழிக்கப்படுகின்றன. கட்டணம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால், 45 வயது ஓட்டுநர் பொருள் சேவை வரி நீங்கலாக 240 வெள்ளி கட்டினால் போதும். அந்த 240 வெள்ளியையும், 25 வயது நிறைந்த குடிமக்களுக்குத் தரப்பட்ட 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையில் (பயிற்சிக்கென அரசு தரும் தொகை) மிச்சம் இருந்தால் அதிலிருந்து ஈடுகட்டலாம். 2024 மே மாதம் 40 வயது நிறைந்த குடிமக்களுக்கு வழங்கப்பட்ட கூடுதல் சிறப்புத்தொகையான 4,000 வெள்ளியைத் தெரிவு செய்யப்பட்ட பாடங்களுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். ஆகவே சேருமுன் மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் பாடத்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள். சிறப்புத்தொகைக்கான விண்ணப்பத்தைச் சிங்பாஸ் என்ற அரசு மின்-அடையாளக் கணக்கின் வழியாகப் பாடம் தொடங்குமுன்பே அனுப்ப வேண்டும். வகுப்பு முடிந்தபின் கேட்டால் கிடைக்காது.

என்டியுசி (தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) உறுப்பினர்களுக்கு யுடாப் என்ற பயிற்சிக் கட்டண உதவியும் உண்டு. மானியம் போகக் கையிலிருந்து கட்டிய தொகையில் பாதியை, ஆண்டுக்கு 250 வெள்ளி வரை சங்கம் திருப்பித் தருகிறது. பாடம் முடிந்த ஆறு மாதத்துக்குள் கோர வேண்டும் என்பதால், ரசீதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது உதவும்.

என் கருத்தில் பணத்தைவிடப் பெரிய தடை நேரந்தான். குறைந்தது 75 விழுக்காடு வகுப்புகளுக்குச் செல்லாதவருக்கு மானியமும் இல்லை, யுடாப்பும் இல்லை. விடியுமுன் முதல் வண்டியை எடுப்பவர் மாலை ஏழு மணி வகுப்பில் கண்விழித்து உட்கார்ந்திருப்பது எளிதன்று. மறுவாரம் பணிநேரம் மாலைக்கு மாறினால் வகுப்பே தவறிவிடும். நான்கு வகுப்புகள் கொண்ட பாடத்தில் இரண்டைத் தவறவிட்டால் வருகை 50 விழுக்காடாகிவிடும்.

எனவே பாடத்தில் சேருமுன் பணிநேர அட்டவணை போடுபவரிடம் தேதிகளைக் காட்டிப் பேசுவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். நிறுவனமே செலவை ஏற்று, சம்பளத்தோடு வேலைநேரத்தில் அனுப்பிவைத்தால், ஊழியர் வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 4.50 வெள்ளி வீதம், ஆண்டுக்கு 1,00,000 வெள்ளி என்ற உச்சவரம்புக்குள், நிறுவனம் அரசிடம் கோரிப் பெற முடியும். கேட்கத் தயங்குபவர்கள் இந்த விவரத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. தயக்கம் தீரவில்லை என்றால், தேசியப் போக்குவரத்து ஊழியர் சங்கத்தின் கிளைப் பொறுப்பாளரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மலேசியாவிலிருந்து வேலை அனுமதியில் வந்து வண்டி ஓட்டுபவர்களுக்குச் சிறப்புத்தொகையோ மேற்சொன்ன கட்டணக் கழிவோ கிடையாது. அன்றாடம் ஒரே சாலைகளில் அதே பயணிகளை ஏற்றிச் செல்லும் அவர்களுக்கு இது வருத்தம் தரும் வரம்புதான். அவர்கள் நிறுவனத்தின் செலவில் நடக்கும் உள்பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதும், மூத்த ஓட்டுநர் பதவிக்கு எந்தப் பயிற்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று மனிதவளப் பிரிவில் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவதுமே இப்போதைக்கு உள்ள வழி.